ஞானப்பூவின் பெயருக்கு எழுந்து நின்றது பற்றி

1960ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 25ஆம் திகதி வியாழக்கிழமை முற்பகல் 10.20க்குப் பொலிஸ் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் அம்பலவாணர் முன்னிலையில் சொல்லப்பட்டு, சொன்னவரின் மொழியாகிய தமிழிலேயே எழுதப்பட்டது.

பெயர்: பேச்சியம்மா, காலஞ்சென்ற ஆண்டியப்பனின் மனைவி. வயது: 46 என்கிறார், அத்தாட்சி இல்லை. தொழில்: கொழுந்து பறித்தல். சமயம்: இந்து. விலாசம்: குருவிமலைத் தோட்டம், மேற்பிரிவு, ஐந்தாம் லயம், தலவாக்கலை.

நான் மேற்படி விலாசத்தில் இருக்கிறேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கரும், தோட்ட எல்லையில் உள்ள இங்கிலீசுக் கோயிலின் வார்டனுமான திரு. டானியல் தம்பிராசா, இம்மாதம் 14ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நான் அந்தக் கோயிலில் ஆள்மாறாட்டம் செய்து ஆராதனையைக் குழப்பினேன் என்று கொடுத்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதற்கு நான் சொல்வதாவது:

ஞானப்பூ என்பவள் எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் மூன்றாவது காம்பிரா அறையில் இருக்கிறாள். மலையில் கொழுந்து பறிக்க அவளுக்கும் எனக்கும் பதினாறு வருடமாக அடுத்தடுத்த செடி வரிசை, அதாவது நிரை. அவள் இரண்டு வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்று வேதக்காரியானாள். ஆனாலும் கோயிலில் மற்றவர்கள் முழங்காலிட்டு அப்பம் வாங்கும்போது அவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிஷப் வந்து தலையில் கை வைத்துத் திடப்படுத்திய பிறகுதான் அப்பம் கொடுப்பார்கள் என்றும், குருவானவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றும், பிஷப் எங்கள் பக்கம் மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவார் என்றும் அவள் எனக்குச் சொன்னாள். அதற்காக எட்டு மாதம் உபதேசியார் நல்லமுத்துவிடம் பாடம் படித்தாள். படித்ததைக் கொழுந்து பறிக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். அதனால் பத்துக் கட்டளையும் பரமண்டல ஜெபமும் எனக்கும் பாடமாகிவிட்டன. அவள் மறந்த இடத்தில் நான் எடுத்துக் கொடுத்ததும் உண்டு.

ஜனவரி கடைசி வாரத்தில் ஒரு காலை, பனி உறைந்திருந்த தண்ணீர்க் கானில் ஞானப்பூ வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அதன் பின்னர் அவளை டவுன் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். காலில் கயிறு கட்டி மணல் மூட்டை தொங்கவிட்டிருந்தபடியால் அவளை அசைக்கக் கூடாது என்றார்கள். 13ஆம் திகதி சனிக்கிழமை நான் பார்க்கப் போனபோது அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "பேச்சி, நீ நாளைக்குப் போயி உபதேசியார்கிட்ட நான் இப்புடிக் கெடக்கேன்னு சொல்லிரு. அப்புறம் பிஷப்பு எப்புடி இருக்காரு, எப்புடிக் கை வக்கிறாருன்னு ஒண்ணு விடாம பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றாள். நான் சரியென்றேன். வேறு எதுவும் எங்களுக்குள் பேசப்படவில்லை. எனக்கும் அந்தப் பிஷப்பைப் பார்க்க ஆசை இருந்தது. தோட்டத்தை நடத்தும் எங்கள் பெரிய துரை எந்த மனுசனுக்கும் தொப்பியைக் கழற்றி நாங்கள் பார்த்ததில்லை. அவரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நிற்பார் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் கோயிலுக்குப் போனேன். நான் விதவை ஆனபடியால் என்னிடம் இருப்பது வெள்ளைச் சேலைதான். குளிருக்கு முந்தானையைத் தலைக்குமேல் போட்டிருந்தேன். திடப்படுத்தலுக்கு வந்த பெண்கள் எல்லாரும் வெள்ளைச் சேலை கட்டி, தலையில் வெள்ளைத் துணி போட்டிருப்பார்கள் என்பது எனக்கு முன்னமே தெரியாது. உபதேசியாரைத் தேடினேன். அவர் ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார், முதுகுதான் தெரிந்தது. அப்போது யாரென்று தெரியாத ஒரு அம்மா என் தோளைப் பிடித்து, "இஞ்ச வாரும், இதிலதான் இருக்கோணும்" என்று முன்பெஞ்சில் மற்றப் பெண்களோடு உட்கார வைத்தார். வந்தவர்களை உட்கார வைக்கும் இடம் அது என்று நினைத்து உட்கார்ந்தேன்.

அதன் பின்னர் பிஷப் உள்ளே வந்தார். பெரிய துரை தொப்பியில்லாமல் வாசலில் நின்றது உண்மை. பிஷப் ஆள் பெரியவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் குள்ளமான மனுசர். சப்பாத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. இரண்டு தடவை இருமினார். கையில் தொரட்டி போல முனை வளைந்த ஒரு கோல் வைத்திருந்தார், அதில் ஒரு இலையும் பறிக்க முடியாதபடி வளைவு உள்பக்கம் சுருண்டிருந்தது. அதை ஞானப்பூவுக்குச் சொல்லவேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

அதன் பின்னர் குருவானவர் ஒரு கடதாசியைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டார். அவர் வந்து நான்கு மாதமே ஆன புதியவர், அவருக்குப் பதினொரு தோட்டம். கூப்பிடப்பட்டவர்கள் எழுந்து "இருக்கிறேன்" என்றார்கள். அப்போது "குருவிமலை, ஞானப்பூ" என்றார். யாரும் எழவில்லை. மறுபடியும் "ஞானப்பூ" என்றார்.

இந்த இடத்தில் நான் வேறொரு சங்கதியைச் சொல்லவேண்டும். 1954ஆம் வருடம் என் புருஷனின் குடியுரிமை மனுவை விசாரிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். காலையிலிருந்து காத்திருந்தோம். அவருக்கு இருமல் வந்து வெளியே துப்பப் போன நேரத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆம்பிளை பெயருக்கு நான் எப்படிப் பதில் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டார்கள். அதன் பின்னர் விசாரித்த ஐயா புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பிவிட்டார். என் புருஷன் ஓடிவந்து கைகட்டி நின்றும் பக்கம் திரும்பவில்லை. ஆஜராகவில்லை என்று தள்ளுபடிக் கடிதம் வந்தது. இரண்டு வருடத்தில் அவர் செத்துப்போனார். அந்தக் கடிதம் இன்னும் பெட்டியில் இருக்கிறது.

குருவானவர் அந்தப் பெயரை வெட்டக் கடதாசியில் பென்சிலை வைத்தார். நான் எழுந்து நின்று "இருக்கேங்க" என்றேன். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் மாரியம்மன் கோயிலில் ஒருத்தி நேர்ந்துகொண்டு படுத்துவிட்டால் அவளுக்காக இன்னொருத்தி தீச்சட்டி எடுப்பது வழக்கம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

அதன் பின்னர் பிஷப் ஏதோ வாக்குக் கேட்டார். எல்லாரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். அது ஞானப்பூ கொடுக்கவேண்டிய வாக்கு, அதை நான் கொடுக்கலாகாது என்று தோன்றியபடியால் நான் வாய் திறக்கவில்லை. அதன் பின்னர் இரண்டிரண்டு பேராகப் போய் முழங்காலிட்டோம். குருவானவர் ஞானப்பூ என்று சொல்ல, பிஷப்பும் அந்தப் பெயரைச் சொல்லி என் தலையில் கை வைத்து ஜெபம் சொன்னார். கை கனமாக, ஈரம் பட்டதுபோல் குளிர்ந்திருந்தது. கோடாலித் தைலம் மணத்தது. அவருக்கும் தடிமன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பின்னர் அப்பம் கொடுக்கத் தொடங்கினார்கள். குருவானவர் என்னையும் வரச் சொல்லிக் கை காட்டினார். நான் போகவில்லை. அவர் கிட்டே வந்து மெதுவாக, "ஏன்?" என்றார். "அத அவளே வந்து சாப்பிடட்டும் சாமி" என்றேன். "யார்?" என்றார். "ஞானப்பூ" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் நின்ற தம்பிராசா ஐயா என்னை அடையாளம் கண்டு, "நீ மேற்பிரிவுப் பேச்சியெல்லோ! உன்னை ஆர் உள்ளுக்கு விட்டது?" என்று கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார். ஆர்மோனியம் நின்றுவிட்டது. ஆராதனை குழம்பியது இவ்வளவுதான். நான் சத்தம் போடவில்லை.

ஆராதனை முடிந்து பிஷப் அந்த அறைக்கு வந்தார். தம்பிராசா ஐயா இங்கிலீசில் நிறையப் பேசினார். பிஷப் ஒரு ஸ்டூலை இழுத்து என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றேன். அவரும் உட்காரவில்லை. தட்டுத்தடுமாறித் தமிழிலேயே கேட்டார்.

"கை வைக்க விட்டீங்க. அப்பம் ஏன் வேண்டாம் என்றீங்க?"

"கைய நான் வாங்கிட்டுப் போயி அவகிட்ட குடுத்துரலாம்னு நெனச்சேங்க சாமி. சாப்பாட்ட அப்புடிக் குடுக்க முடியுங்களா? அவதான திங்கணும்."

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"பக்கத்து நெரைங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. குருவானவர் விளக்கினார். அவள் இடுப்பொடிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதை நான் சொன்னேன். அதன் பின்னர் பிஷப், ஞானப்பூ ஆஸ்பத்திரியில் இருப்பது உமக்குத் தெரியுமா என்று குருவானவரிடம் கேட்டார். தெரியாது என்று அவர் தலை குனிந்தார். தம்பிராசா ஐயாவிடம் கேட்டார். தெரியும், ஆனால் ஒரு ஆளுக்காக உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம், அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன் என்றார். "அடுத்த முறை எப்போது?" என்று பிஷப் கேட்டார். அந்தக் கோலை எடுத்துத் திருகினார். அது மூன்று துண்டாகக் கழன்றது. துண்டுகளைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, "வாங்க, போவோம்" என்று என்னிடம் சொன்னார். பெரிய துரை பங்களாவில் பிஷப்புக்குப் பகல் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. அதைத் தம்பிராசா ஐயா ஞாபகப்படுத்தினார். "அவர் காத்திருப்பார்" என்று மட்டும் பிஷப் சொன்னார்.

அதன் பின்னர் பிஷப்பின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தேன். காரில் ஏறியது அதுதான் முதல் தடவை. வார்ட்டில் ஞானப்பூ எங்களைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தாள், மணல் மூட்டை ஆடியது. "அசையாதடி" என்று நான் சத்தம் போட்டேன். பிஷப் அவளிடம் அந்த வாக்கைக் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக அவள் பதில் சொன்னாள். பிஷப் குனிந்து கை வைத்தார். அவள் கண்ணை மூடவே இல்லை. எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டாள். குருவானவர் கொண்டுவந்திருந்த அப்பத்தைப் பிஷப் கொடுத்தார். அவள் வெகுநேரம் வாயில் வைத்திருந்தாள். எப்படி இருந்தது என்று பிறகு கேட்டேன். "ஒண்ணும் ருசி இல்ல பேச்சி, கடதாசி மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் விழுந்த நாளிலிருந்து சிரித்தது அப்போதுதான்.

வெளியே வந்தபோது நான் பிஷப்பிடம், "அப்ப என் தலையில வச்ச கைய என்ன செய்யிறதுங்க சாமி?" என்று கேட்டேன். அவர், "எனக்குத் தெரியாதம்மா. திருப்பி எடுக்கிற ஜெபம் எங்கள் புத்தகத்தில் இல்லை" என்றார். எனக்கு இன்றைக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. விளங்கினால் நல்லது என்றிருக்கிறது.

பெரிய துரை இரண்டு மணி வரை சாப்பாட்டோடு காத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். மறுநாள் திங்கட்கிழமை எனக்குப் பெயர் போடவில்லை, அதாவது வேலை தரவில்லை. காம்பிராவையும் விடவேண்டி வரும் என்று கங்காணி சொன்னார். எட்டு நாள் வேலை இல்லை. அந்த நாட்களில் மாரியம்மன் கோயில் தலைவர் கந்தப்பன் வந்து, "நீ வேதத்துல சேந்துட்டியாமே, இனிமே கரகத்துப் பக்கம் வராத" என்றார். பிஷப் சொன்னது ஞானப்பூ பெயரை, என் பெயரை இல்லை என்று சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. இம்மாதம் 23ஆம் திகதி செவ்வாய்க்கிழமை மறுபடியும் பெயர் போட்டார்கள். யார் சொல்லிப் போட்டார்கள் என்று தெரியாது. குருவானவர் நேற்று இந்த நிலையத்துக்கு வந்து கோயிலுக்கு முறைப்பாடு இல்லை என்று சொன்னதாகவும், தம்பிராசா ஐயா தன் முறைப்பாட்டை விடவில்லை என்றும் இப்போது எனக்குச் சொல்லப்பட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் புருஷன் செத்தபோது சவப்பெட்டிக்குப் பலகை கொடுத்தவர் அவர்தான். பன்னிரண்டு வருடமாக அந்தக் கோயிலைக் கட்டிக் காப்பவருக்குப் பெரிய துரை முன்னால் தலை குனிய நேர்ந்துவிட்டது.

கேள்வி: உம்மைத் தொழிற்சங்கமோ வேறு ஆட்களோ அனுப்பினார்களா?

பதில்: இல்லை. பார்த்து வரச் சொன்னது ஞானப்பூ. எழுந்து நின்றது நான்.

கேள்வி: அது உம்முடைய பெயர் இல்லை என்று தெரிந்துதான் எழுந்தீரா?

பதில்: தெரிந்துதான் எழுந்தேன்.

கேள்வி: வார்டனிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் இது இத்தோடு முடியும். கேட்கச் சம்மதமா?

பதில்: ஆர்மோனியம் நின்றுபோனதற்குக் கேட்கிறேன். பெரிய துரையின் சாப்பாடு ஆறிப்போனதற்கும் வேண்டுமானால் கேட்கிறேன். பெயரைக் கூப்பிட்டபோது பதில் சொன்னதற்குக் கேட்கமாட்டேன்.

நான் கண்டதையும் செய்ததையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

பேச்சியம்மாவின் இடது பெருவிரல் அடையாளம்.

எனக்கு முன்பாக: க. அம்பலவாணர், சப் இன்ஸ்பெக்டர்.