ஆய்வுப் பங்காளிகள்

— அந்த நாற்காலி வேண்டாம் மேடம். பின்னங்கால் ஆடும். போன கூட்டத்துல ஒருத்தர் சாஞ்சார், நேரா தரைக்குப் போயிட்டார். இதய நோயாளிங்களைக் கூப்பிட்டு உட்கார வெக்கிற லட்சணத்தைப் பாருங்க.

— பரவாயில்ல சார். நான் சாயமாட்டேன்.

— நான் சோபாக் கடையில ஆயுசைக் கழிச்சவன். நாற்காலியைப் பார்த்தாலே ஜாதகம் சொல்லிடுவேன். உள்ள போய்ப் பாருங்க, டாக்டருங்களுக்கு சுத்தற நாற்காலி, நமக்கு பிளாஸ்டிக். கேட்டா எல்லாரும் சரிசமம்பாங்க. அட்டை குடுத்தாங்களா?

— இதோ, மாட்டிவிட்டிருக்காங்க. ‘ஆய்வுப் பங்காளி’ன்னு போட்டிருக்கு.

— எந்த மகாராசன் வெச்ச பேரோ. பங்காளின்னா சுவருக்கு சண்டை போடறவன்தானே. கூட்டுக்கு வந்தவன்னு சொல்லத் தெரியல, ஆராய்ச்சி பண்ண வந்துட்டாங்க.

— எங்க வீட்டுப் பங்காளிங்க கல்யாணத்துக்கே வரமாட்டாங்க. வந்தா பந்தியில குறை சொல்லுவாங்க.

— நாமளும் அதுக்குத்தான் வந்திருக்கோம்னு வெச்சுக்கோங்களேன். முதல் தடவையா?

— ஆமா.

— மூஞ்சியிலேயே தெரியுது. அவங்க அனுப்பின கட்டு பேப்பரையெல்லாம் படிச்சிட்டு வேற வந்திருப்பீங்க.

— ரெண்டு தடவை படிச்சேன்.

— அடப் பாவமே. அதை எழுதினவங்களே ரெண்டு தடவை படிச்சிருக்க மாட்டாங்க. நான் சொல்றதைக் கேட்டுக்கோங்க, எத்தனையோ கமிட்டி பார்த்தவன். உள்ள போனதும் தலைமை டாக்டர் எழுந்து கும்பிடுவார். ‘நீங்கதான் எங்களுக்கு ஆசிரியர்’ம்பார். கண்ணு மட்டும் கடிகாரத்துல இருக்கும். அப்புறம் அவங்களுக்குள்ளயே பேசிட்டிருப்பாங்க. கிளம்பற நேரத்துல, அடுப்பை அணைச்சோமாங்கிற மாதிரி திடீர்னு ஞாபகம் வரும். ‘நம்ம பங்காளிகள் என்ன நினைக்கிறாங்க?’ அப்ப நீங்க என்ன சொல்லணும்?

— நினைக்கிறதைச் சொல்லணும்.

— கெட்டுது போங்க. ‘மொழி இன்னும் எளிமையா இருக்கலாம்’னு சொல்லணும். அதோட நிறுத்திக்கணும். எல்லாரும் தலையாட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க, பிஸ்கட் வரும்.

— நான் டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன் சார். தலையாட்டற ஆளை மட்டும் நம்பவே மாட்டேன். புரிஞ்சுதான்னா ஜோரா ஆட்டுவான், அடுத்த திருப்பத்துல கொண்டுபோய் கம்பத்துல ஏத்துவான்.

— இங்க கம்பம் நாமதான் மேடம்.

— டியர் பார்ட்னர்ஸ், சாரி, இன்னும் பத்தே நிமிஷம். ஸ்லைடு ஓப்பன் ஆக மாட்டேங்குது. ரெண்டு பேரும் காபி எடுத்துக்கிட்டீங்களா?

— எடுத்துக்கிட்டோம்மா. சர்க்கரை இல்ல, டிகாஷன் இல்ல, சூடு இல்ல. மத்தபடி நல்ல காபி.

— ஐயோ சார், நீங்க சோ ஸ்வீட். உங்க குரல் எங்களுக்கு ரொம்ப முக்கியம், தெரியுமில்ல? கூப்பிடறேன்.

— போயிட்டா. குரல் முக்கியமாம். ரெண்டு வருஷமா வர்றேன், அந்தப் பொண்ணுக்கு என் பேர் தெரியாது. தோட்டத்துக்கு ஒரு பொம்மை நட்டு வெப்பாங்கல்ல, அந்த மாதிரிதான் நாம. அட, நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னும் எனக்குத் தெரியும். பெரிய டாக்டரை வரிசையில நிக்காம பார்த்துடலாம், தன் ரிப்போர்ட்டை ஒரு பார்வை காட்டிடலாம். எல்லாரும் அதுக்குத்தான் வர்றது.

— அப்படியா.

— வியாதியைக்கூட சொல்லிடுவேன். முகம் வீங்கல, மூச்சு வாங்கல, லிஃப்ட் இல்லாம மாடியேறி வந்திருக்கீங்க. பம்பிங் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். மாத்திரையில தேறிட்டீங்க.

— ஜோசியமும் பார்ப்பீங்க போல.

— அனுபவம் மேடம்.

— இவ்வளவு அனுபவம் இருக்கே, நீங்க சொல்லி இதுவரைக்கும் ஏதாவது ஒண்ணு நடந்திருக்கா?

— பொசுக்குன்னு கேட்டுட்டீங்களே. நடந்திருக்கு. ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு உள்ள பேசப்போற இதே மாத்திரைக்குப் போன தடவை ஒரு ஆய்வு நடந்துச்சு. மாத்திரை அளவை ஏத்தினா, மூணாம் நாள் நர்ஸ் போன் பண்ணி விசாரிக்கணும்னு திட்டம் போட்டிருந்தாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும்.

— என்னன்னு விசாரிப்பாங்க?

— கால் வீங்கியிருக்கா, செருப்பு நுழையுதா, படுத்தா மூச்சு முட்டுதா. அதுக்கு முந்தி வேறொரு ஆய்வுல எனக்கே வந்துச்சு அந்த போன். கடையில நிக்கறேன், ஒரு புருஷன் பொண்டாட்டிக்கு மூணு பேர் உட்கார்ற சோபாவைக் காட்டிட்டிருக்கேன். போனை எடுத்தா, ஸ்பீக்கர்ல விழுந்துடுச்சு. ‘ஐயா, ஒண்ணுக்கு சரியாப் போறீங்களா?’ கடை முழுக்கக் கேட்டுது. அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்குது. முதலாளி கல்லாவுலேர்ந்து எட்டிப் பாக்கறார்.

— வியாபாரம் போச்சா?

— வியாபாரமா, மானமே போச்சு. அதான் கமிட்டியில எழுந்து நின்னேன். நாங்க என்ன பச்சைக் குழந்தைங்களா? கையில போன் இல்லையா, வாயில நாக்கு இல்லையா? நம்பரைக் குடுங்க, ஏதாவதுன்னா நாங்களே கூப்பிடறோம், இப்படிக் கூப்பிட்டு விசாரிக்கிறது நோயாளிக்குக் கௌரவக் குறைச்சல்னு போட்டேன் ஒரு போடு. அறையே கப்சிப்.

— யாருமே எதிர்த்துப் பேசலையா?

— ஒரு நர்ஸ் மட்டும் முணுமுணுத்துச்சு. ‘சில பேர் தானா கூப்பிடமாட்டாங்க சார்’னு. நான் விடுவேனா? இங்க நோயாளி யாரு, நீயா நானான்னு கேட்டேன். உட்கார்ந்துடுச்சு.

— டாக்டருங்க?

— கைதட்டினாங்க. போன் பண்ண ஆள் வெக்க வேண்டாம், செலவு மிச்சம், ஏன் தட்ட மாட்டாங்க? அப்பவே திட்டத்துலேர்ந்து அந்த போனை எடுத்துட்டாங்க. ‘நோயாளிகளின் குரலைக் கேட்டோம்’னு என் படத்தைப் போட்டு ஊர் ஊரா மாநாட்டுல காட்டறாங்க.

— கீழ வரவேற்பிலேயும் மாட்டியிருக்காங்க.

— பார்த்தீங்களா? கோட்டு இரவல். நல்லா விழுந்திருக்கா?

— தெளிவா விழுந்திருக்கு. மேல வந்ததும் உங்களை அடையாளம் தெரிஞ்சுடுச்சு. ஓரத்துல நல்ல நாற்காலி ரெண்டு காலியா இருந்தும், உங்க பக்கத்துல வந்து இந்த ஆடற நாற்காலியில உட்கார்ந்தது அதனாலதான்.

— அட, பரவாயில்லையே. நம்மளுக்கும் ஒரு ரசிகை.

— இன்னைக்கு உள்ள என்ன முடிவு பண்றாங்கன்னு தெரியுமா சார்?

— இதே மாத்திரை, இன்னும் நிறைய பேருக்கு. மொழி எளிமையா இருக்கணும்னு சொல்லிட்டு வீட்டைப் பார்க்கப் போவோம்.

— நீங்க படிக்கலைன்னு தெரியுது. இந்தத் தடவையும் அந்த போன் கிடையாது. ‘நோயாளிப் பங்காளிகளின் விருப்பப்படி’ன்னு காரணம் போட்டிருக்காங்க. அதைத் திரும்பக் கொண்டுவரணும்னு கேக்கப் போறேன்.

— விளையாடாதீங்க மேடம். என் வாழ்நாள்ல இவங்ககிட்ட வாங்கின ஒரே விஷயம் அது. நீங்களும் நோயாளி, நானும் நோயாளி. உள்ள போய் நாமளே அடிச்சுக்கிட்டா அவங்களுக்குக் கொண்டாட்டமாப் போயிடும்.

— நான் நோயாளி இல்ல சார்.

— பின்ன? முதல்லயே சொல்லக் கூடாதா?

— நீங்க கேக்கல. பம்பிங் கம்மின்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. போன ஆய்வுல இருந்தது எங்க வீட்டுக்காரர். மாத்திரை அளவை ஏத்தினாங்க. நம்பரைக் குடுத்தாங்க, நான்தான் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டினேன். மூணாம் நாள் சாயங்காலம் புதுச் செருப்போட வந்து நின்னார். ஒரு சைஸ் பெருசு. பழசு கடிக்குதுன்னார். அன்னைக்கு ராத்திரி ஹால்ல உட்கார்ந்தபடியே தூங்கினார். டிவி பார்த்துட்டே அசந்துட்டேன்னார்.

— ஒரு போன் பண்ணியிருக்கலாமே மேடம். நம்பர்தான் கண்ணு முன்னாடி இருந்துச்சே.

— டீக்கடையில சர்க்கரை போட மறந்துட்டா, கேக்காம அப்படியே குடிச்சிட்டு வர்ற ஆள் அவர். சட்டை தைச்சு ஒரு கை நீளமா வந்தா மடிச்சு விட்டுக்குவார். பாவம் டாக்டர், எத்தனை பேரைப் பார்க்கறார், இதுக்குப் போய் தொந்தரவு பண்ணுவாங்களாம்பார். ஆனா யாராவது கூப்பிட்டுக் கேட்டா, ஒண்ணு விடாம ஒப்பிப்பார். செருப்பு சைஸ் உட்பட.

— எனக்கெப்படி மேடம் தெரியும், இப்படியும் ஆளுங்க இருப்பாங்கன்னு.

— அந்த நர்ஸ் சொன்னாங்களே. உட்கார வெச்சுட்டீங்க. அவர் மாதிரி ஆளுங்க கமிட்டிக்கு வரமாட்டாங்க சார். உங்களையும் என்னையும் மாதிரி வாய் இருக்கறவங்கதான் வருவோம். வந்து அவங்களுக்கும் சேர்த்துப் பேசிட்டதா நினைச்சுக்கிட்டு, பிஸ்கட் தின்னுட்டுப் போவோம். டாக்டருங்க நம்மளை மதிக்கலைன்னு இவ்வளவு நேரம் வாய் வலிக்கப் பேசினீங்க. நீங்க யாரை மதிச்சீங்க?

— டியர் பார்ட்னர்ஸ், ஸ்லைடு ஓப்பன் ஆயிடுச்சு, வாங்க வாங்க. அடடே, அதுக்குள்ள ஃபிரெண்ட்ஸ் ஆயிட்டீங்களா?

— ஒரு நிமிஷம் இரும்மா. மேடம், எழுந்திருக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு. அவர்... இப்ப எப்படி இருக்கார்?

— இதையேதான் சார் அந்த போன் கேட்டிருக்கும். அன்னைக்குக் கேட்டிருந்தா, அவரே பதில் சொல்லியிருப்பார்.