பாதிக்கு மேல் ஏறாத வண்டி

டீயில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள் சார். நான் அரைச் சர்க்கரைக்காரன், அந்தக் கணக்கிலேயே எல்லோருக்கும் போட்டுவிடுவேன். அந்த அறைக்கதவு திறந்தே இருக்கட்டும். என் மனைவி உள்ளே படுத்திருக்கிறாள், தூங்கவில்லை. நாம் பேசுவது அவளுக்குக் கேட்கும். கேட்டால் என்ன, மறைத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வருவார் என்று சொன்னார்கள், இவ்வளவு பொறுமையானவர் வருவார் என்று நினைக்கவில்லை. உங்கள் கேள்வி நியாயமானது. வீட்டில் இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் கிளம்பிய கார், மலைப்பாதையில் எப்படிச் சார்ஜ் தீர்ந்து நின்றது? தெருவில் எல்லோரும் வேகமாக ஏற்றுகிற சுவர் சார்ஜருக்கு மாறிய பிறகும், இந்த வீட்டில் மட்டும் ஏன் காரோடு கொடுத்த பழைய சார்ஜர்?

இதில் வேடிக்கை என்னவென்றால், தெருவில் அத்தனை பேருக்கும் மாற்றச் சொன்னதே நான்தான். மின்சார அலுவலகத்தில் ஆய்வாளர் வேலை எனக்கு. பெரிய சார்ஜர் வேண்டுமென்றால் வீட்டுக்குக் கூடுதல் லோடு வாங்க வேண்டும். விண்ணப்பம் போட்டால் நான் போய் மீட்டர் போர்டைத் திறந்து, கம்பியின் தடிமனையும் எர்த்தையும் பார்த்து, மாட்டலாமா கூடாதா என்று சொல்வேன். என் வார்த்தைக்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். எதிர்வீட்டுப் பல் டாக்டர்கூடக் கிண்டல் செய்வார். "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க? ஊருக்கெல்லாம் மாட்டிக் குடுக்கறீங்க, உங்க வீட்ல இன்னும் பழசுதான்." நானும் சிரித்துக்கொள்வேன்.

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். இங்கே பக்கத்திலேயே ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்தாள். போகவும் வரவும் கால்மணி நேரம்கூட ஆகாது. நல்ல வேலை, மரியாதையான இடம். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவள் அக்காவுக்குத்தான் தெரிந்தது. அக்கா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறது, உன் படிப்புக்கு இங்கேதான் நீ இருக்க வேண்டும் என்று ஓதிக்கொண்டே இருந்தாள். அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் இவள் இரண்டு நாளைக்கு வேறு ஆளாக இருப்பாள் சார். கேட்டதற்கு மட்டும் பதில் வரும். எனக்கு அது மனதைப் பிசையும். என் வீட்டுக்குள்ளேயே யாரோ விருந்தாளி மாதிரி நடமாடுவது எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தும்விட்டது. "தினமும் போய்ட்டு வந்துடுவேங்க. சார்ஜர் மட்டும் மாத்திட்டா போதும்" என்றாள். "ராத்திரி பூரா போட்டாலும் பாதிக்கு மேல ஏற மாட்டேங்குது. பாதியை வச்சுக்கிட்டு மலை ஏறி இறங்க முடியுமா?"

பார்க்கலாம் என்றேன். சுவருக்குள் ஓடுகிற கம்பி பழசு, பெரிய சார்ஜர் மாட்டினால் சூடேறிப் பற்றிக்கொள்ளும், உன் உயிரைவிட வேலை பெரிதா என்று கேட்டேன். நம்பினாள். நான் சொன்னால் ஊரே நம்பும்போது அவள் நம்பாமல் இருப்பாளா? அடுத்த வாரமும் கேட்டாள், பார்க்கலாம் என்றேன். எதையும் கொஞ்சம் ஆறப்போட்டால் ஆசையும் ஆறிவிடும் என்பது என் அனுபவம்.

கம்பி பழசில்லை சார். இந்த வீட்டைக் கட்டும்போது நானே பக்கத்தில் நின்று போட்ட கம்பி. பெரிய சார்ஜர் இரண்டு மாட்டினாலும் தாங்கும்.

இன்னொன்று. நீங்களும் இந்த மாதிரி வண்டிகளைப் பார்த்துப் பழகியவர் என்பதால் யோசித்திருப்பீர்கள். பழைய சார்ஜராகவே இருந்தாலும் இரவெல்லாம் போட்டால் வண்டி நிரம்பிவிடும். நிரம்பியாக வேண்டும். எங்கள் மீட்டர் போர்டுக்குப் பூட்டு உண்டு, பாதுகாப்புக்காக. சாவி என்னிடம். உள்ளே ஒரு டைமர் மாட்டியிருந்தேன், தெருவிளக்குக்குப் போடுவோமே, அதேதான். அவள் தூங்கிய பிறகு சார்ஜரை நிறுத்தும், அவள் எழுவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி ஓட விடும். காலையில் அவள் வந்து பார்க்கும்போது பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். பாவம், வண்டியைத் தட்டிக்கொடுத்து, "நீயும் என்ன பண்ணுவே" என்பாள். எனக்கே சிரிப்பு வரும், அன்பும் வரும்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? பரவாயில்லை, குடித்துவிட்டு எழுதுங்கள், ஆறிவிடும்.

கிளினிக்குக்குப் போய் வர, கடைக்குப் போய் வர, அவள் சிநேகிதி வீட்டுக்குப் போய் வர அந்தப் பாதி தாராளம். அவளுக்கு நான் எதையும் மறுக்கவில்லை. மலை ஒன்றைத் தவிர எங்கே வேண்டுமானாலும் போய் வந்தாள்.

வேலையில் சேர வேண்டிய நாளை அவள் என்னிடம் முந்தின நாள் மாலைதான் சொன்னாள். அதிலேயே எனக்கு வருத்தம்தான். எல்லாவற்றையும் அக்காவோடு பேசி முடித்துவிட்டுக் கடைசியில் எனக்குத் தகவல். ஆனால் நான் குரலை உயர்த்தவில்லை. நான் உயர்த்தியதே இல்லை, நீங்கள் உள்ளே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

காலையில் பனி இறங்கியிருந்தது. சார்ஜ் வழக்கம்போல பாதி காட்டியது. அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் தயங்கினாள். "என்னங்க, இதை வச்சுக்கிட்டு அக்கா வீடு வரைக்கும் போயிடலாமா? உங்களுக்குத்தான தெரியும். முடியாதுன்னா சொல்லுங்க, பஸ்ல போயிடறேன்."

நான் திரையைக் குனிந்து பார்த்தேன். "தாராளமா போகலாம். அங்க போய் சார்ஜ் போட்டுக்கோ" என்றேன்.

ஏற்றத்தில் வண்டி இரண்டு மடங்கு சார்ஜ் இழுக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும் சார். தெரிந்துதான் சொன்னேன். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது, முன்னால் அகலமான மண்தரை. அங்கேயோ, அதைத் தாண்டிக் கொஞ்சத்திலோ நின்றுவிடும் என்று என் கணக்கு. நின்றால் என்னைக் கூப்பிடுவாள். நான் போய் இழுத்து வருவேன். ஒரு தடவை நடுவழியில் நின்று பார்த்தால் அந்த ஆசை தானாக விட்டுவிடும், யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. இதைவிட மென்மையாக ஒருத்தர் எப்படிச் சொல்ல முடியும்? இழுக்கிற கயிற்றை முந்தின இரவே ஆபீஸ் ஜீப்பில் எடுத்து வைத்துவிட்டேன்.

அவள் கெட்டிக்காரி என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். ஏசியை நிறுத்திவிட்டு, உள்ளே ஆவி படியாமலிருக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வேகத்தை ஏற்றாமல் இறக்காமல் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்து ஓட்டியிருக்கிறாள். டீக்கடையைத் தாண்டி, பாதி மலை ஏறிவிட்டாள். பனி கெட்டியாக இருந்த கொண்டை ஊசி வளைவில், ஒதுங்க இடமே இல்லாத இடத்தில் வண்டி நின்றது. கொஞ்சம் அசட்டுத்தனமாக ஓட்டியிருந்தால் டீக்கடையிலேயே நின்றிருப்பாள். இதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

கூப்பிட்டாள். உங்கள் கையில் இருக்கிற போன் பட்டியலில் அதுவும் இருக்கும். போன் என் மேஜையில்தான் இருந்தது. எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார், புது சார்ஜர் மாட்டலாமா என்று கேட்க வந்தவர். அவர்கூடச் சொன்னார், "போன் அடிக்குது சார், பாருங்க." வீட்டில்தான், அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்றேன். மறுபடி அடித்தது. உடனே எடுத்தால் என்ன ஆகும்? சின்ன விஷயம் என்று நினைத்துவிடுவாள். கொஞ்சம் தவிக்க வேண்டும், தவித்தால்தான் மனதில் நிற்கும். வந்தவருக்கு எர்த் போடுவது எப்படி என்று நிதானமாக விளக்கி அனுப்பினேன்.

நான் எடுக்காததால் அவளே இறங்கி, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று எச்சரிக்கைப் பலகையை வைக்க நடந்திருக்கிறாள். கையில் போனைப் பிடித்துக்கொண்டேதான். பின்னால் வந்து அவளை இடித்த லாரிக்காரர் மேல் தவறில்லை, அதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பனியில் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் போய்ச் சேரும்போது அவர் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன்.

வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை. அவளுக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்றுவிட்டார்கள். கிளினிக்கில் அவளோடு வேலை பார்த்த பெண் வந்து பயிற்சி கொடுக்கிறாள், மற்ற எல்லாம் நான்தான். குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, ஊட்டுவது. கைகளுக்கு ஒன்றுமில்லைதான், ஆனாலும் அவளைச் சிரமப்பட நான் விடுவதில்லை. கையைக் கழுவிவிட்டுப் போகிற மனுஷன் இல்லை நான். அக்கா ஒருநாள் வந்து என்னை ஒருமாதிரி பார்த்தாள். நோயாளிக்கு ஓய்வு வேண்டும், அடிக்கடி வர வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

பழைய சார்ஜரைப் பார்க்க வேண்டுமென்றீர்கள், அது இப்போது இல்லை. போன வாரம் சுவர் சார்ஜரே மாட்டிவிட்டேன். எத்தனை தடவை கேட்டாள், மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. டைமரையும் எடுத்துவிட்டேன். வண்டி தினமும் காலையில் முழுசாக நிரம்பி நிற்கிறது. பல் தேய்த்துவிடும்போது அவளிடம் சொல்வேன், "வண்டி ஃபுல்லா இருக்கும்மா. எங்க போகணும்னாலும் சொல்லு, அக்கா வீடானாலும் சரி, நான் கூட்டிட்டுப் போறேன்." பேச்சுக்கு எந்தக் குறையும் இல்லை என்று டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். ஆனால் ஒருநாள்கூட அவள் வாய் திறந்து ஓர் இடம் சொன்னதில்லை. இந்த வீட்டைவிட்டு எங்கேயும் போக அவளுக்கு இப்போது ஆசையில்லை சார்.