அப்பாவிடம் இருந்த நகல்

மிக்ஸி வாங்கினால்கூட, கூடவே வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவேன். என் மகள் நேர் எதிர். "மிக்ஸிக்கெல்லாம் யாருப்பா கையேடு படிப்பா?" என்று சிரிப்பாள். நாலு வருடம் உங்கள் மாணவியாக இருந்தவள், மேடம். அவளுடைய அவசரம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நடந்ததற்கு அவளுடைய கவனக்குறைவே காரணம் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அப்படி எழுத வேண்டாம். முப்பத்தொரு வருடம் ஒரு அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவன் நான். நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியும்.

அவளுடைய ஆய்வுக்காக ஆஸ்பத்திரி கொடுத்தது பிறந்த குழந்தைகளின் இதயச் சத்தம், ஆறாயிரத்துச் சொச்சம் பதிவுகள். எந்தப் பதிவும் இணையத்தில் ஏறக்கூடாது. ஒரு டிஸ்க், அதற்கு ஒரு நகல், அவ்வளவுதான் என்பது ஆஸ்பத்திரியின் நிபந்தனை. டிஸ்க் அவளிடம். நகல் என் பொறுப்பு. படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். ஞாயிறுதோறும் நகல் எடுத்து என் அலமாரியில் வைத்துப் பூட்டுவேன்.

கடைசிக் கணக்கீட்டுக்குப் புது மென்பொருள்கள் தேவைப்பட்டன. அவற்றையெல்லாம் இணையத்திலிருந்து கொண்டுவந்து இறக்கி வைக்க பேக்கேஜ் மேனேஜர் என்று ஒரு புரோகிராம் வேண்டும். மேஸ்திரி மாதிரி, அவர் வந்து உட்கார்ந்தால்தான் மற்ற ஆட்கள் வருவார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் இடமில்லை. அதனால் பதிவுகள் இருந்த பெரிய டிஸ்கிலேயே அதை நிறுவப் பார்த்தாள். நிறுவும் ஸ்கிரிப்ட், அதாவது அதற்கான கட்டளைப் பட்டியல், 'இடம் போதவில்லை' என்று மூன்று தடவை நின்றுவிட்டது. தலைகீழாக நின்று பார்த்தாள். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, இது என்னோட மல்லுக்கு நிக்குது. கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். சின்னக் கோளாறுதான். நிறுவுவது பெரிய டிஸ்கில் என்றாலும், மூட்டையைப் பிரிப்பது மட்டும் கம்ப்யூட்டரின் தற்காலிக ஃபோல்டரில் நடந்தது. அங்கேதான் இடமில்லை. ஒரு வரியை மாற்றி, அதையும் பெரிய டிஸ்குக்குத் திருப்பினேன். என் வேலை முடிந்தது. ஆனாலும் வழக்கப்படி ஸ்கிரிப்டைக் கடைசி வரை படித்தேன்.

கடைசியில் ஒரு வரி இருந்தது. நிறுவும்போது பாதியில் தடைபட்டால், கொடுத்த ஃபோல்டரை அடியோடு துடைத்துவிட்டு வெளியேறு. எழுதியவர் சுத்தக்காரர். அந்த ஃபோல்டரைக் காலியாகத்தான் கொடுப்பார்கள் என்று நம்பிவிட்டார். என் மகளோ, தனியாக ஒரு ஃபோல்டர் உண்டாக்காமல், பதிவுகள் கிடந்த ஃபோல்டரையே கொடுத்திருந்தாள். முதல் மூன்று தடவையும் தொடக்கத்திலேயே நின்றுவிட்டதால் அந்த வரிவரை போகவில்லை. இப்போது போகும்.

அந்த வரியில் நான் கை வைக்கவில்லை. அது நான் எழுதியதல்ல.

"ஓட்டட்டுமாப்பா?"

"ஓட்டும்மா."

"நகல் இருக்குல்ல?"

"இருக்கு. நான் எதுக்கு இருக்கேன்?"

நகல் இல்லை. அவளுக்கு வெளிநாட்டு வேலை உறுதியாகி டிக்கெட் வந்த அன்றே அதை அழித்துவிட்டேன். அன்று எனக்கு ஒரு திட்டமும் கிடையாது; மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். அவள் அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது இவளுடையதுதான். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்கப்புறம் அதுவும் இருக்காது.

டீ போட எழுந்தேன். போகிற வழியில் இணைய வயரைப் பிடுங்கினேன்.

"ஐயோ, நெட் போச்சுப்பா," என்றாள். டிஸ்கின் விளக்கு விடாமல் சிமிட்டியது. டீ கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அழிந்ததை மீட்க முடியும், மேடம். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். "அப்பா எடுத்துக் குடுத்துடுவாரு" என்று தோழியிடம் போனில் சொன்னாள். டிஸ்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். இரண்டு நாள் உள்ளேயே இருந்தேன். அந்த இரண்டு நாளும், எவராலும் எதையும் மீட்க முடியாதபடி அதன் மேல் வெறும் பூஜ்யங்களை எழுதினேன். அவள் தட்டில் சாப்பாடு போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

"முடியலம்மா," என்றேன். "நகல் டிஸ்கும் கெட்டுப்போயிருக்கு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல தப்பில்லப்பா. நான்தான் படிக்காம ஓட்டிட்டேன்." பிறகு கேட்டாள்: "அம்மாவோடது?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். நாலு வருடத்துக்கு முன் இதயச் சத்தம் பதியும் மைக் வந்தபோது, சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் அவள் அம்மாவின் நெஞ்சில் வைத்துப் பார்த்திருக்கிறாள். நாற்பது நொடி. அந்தப் பதிவும் அதே டிஸ்கில்தான் இருந்திருக்கிறது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். குழந்தைகளின் சத்தத்தைக் கேட்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மூன்று வருடமாக என் மனைவியின் இதயம் பக்கத்து அறையில் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. கேட்டால் மட்டும் பதில் சொல்கிறாள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

நேற்றுக் காலை அந்தப் பழைய மைக்கை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். என் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "அசையாம இருங்கப்பா. உங்களோடதையாவது எடுத்து வச்சுக்கறேன்." நாற்பது நொடி எண்ணினாள். பிறகு ஒரு நகல் எடுத்து என் கையில் கொடுத்தாள். "இத நீங்களே வச்சுக்கோங்க. உங்ககிட்டன்னா பத்திரமா இருக்கும்."

ஆகவே, கவனக்குறைவு என்று எழுதாதீர்கள். செய்தது நான் என்று எழுதுங்கள். அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டாள். அவள் கொடுத்ததை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். என்னை நம்பிக் கொடுத்த எதுவும் இன்றுவரை என் கையில் தொலைந்ததில்லை.