மினோரிக்குக் குடுத்த தேத்தண்ணி

என்ரை வீட்டில ஆரும் பசியோடை படுத்ததில்லை. அறை வாடகைக்கு எடுக்கிற பிள்ளையளுக்கும் நான்தான் சமைக்கிறனான். ஸ்ட்ரெதமில இம்மாகுலேற் அன்ரி வீடு எண்டால் அதுக்காகவே வருவினம்.

மினோரி ஜப்பானிலயிருந்து படிக்க வந்தவள். இருபத்துமூண்டு வயது. வரேக்க நாப்பத்திரண்டு கிலோ. பேர் சொல்லுற மாதிரி அதையும் அவளே சொன்னவள். கழுத்தெலும்பு ரண்டும் வடிவாத் தெரியும். பாக்கச் சுத்தமான பிள்ளை.

ஒருநாள் குசினியில இருந்து தன்ரை ஊர்க்கதை சொன்னாள். தாய் ஒவ்வொரு நாளும் காலமை தராசில ஏத்துவாவாம். ஒரு கிலோ கூடினாலும் கூடப் படிக்கிறவை முகத்துக்கு நேரை சொல்லுவினமாம். கடையில வடிவான உடுப்பெல்லாம் ஒரே அளவுதானாம்; அதுக்குள்ள கொள்ளாட்டில் பிழை உடம்பிலயாம். கேட்டுக்கொண்டிருந்தன். எனக்கு அதில பிழை ஒண்டும் தெரியேல்லை.

"இஞ்சை என்னை ஆரும் பாக்கினமில்லை அன்ரி. அதுதான் எனக்கு இப்ப பசிக்குது," எண்டாள்.

பிறகு சாப்பிடத் தொடங்கினாள். றோல்ஸைத் திண்டுபோட்டு எண்ணெய் வடியிற விரலைச் சூப்புவாள். ஆறு மாதத்தில தாடைக்குக் கீழை இன்னொரு தாடை. படியேறேக்க தொடை ரண்டும் உரஞ்சுற சத்தம் கேக்கும். அவள் துடைச்ச ஈரத் துவாயை ரண்டு விரலாலதான் தூக்குவன். அவள் சோறு மெல்லுறதைப் பாத்தால் எனக்கு ஓங்காளிக்கும்.

ஒருநாள் தாய் வீடியோவில வந்தா. மகளைக் கண்டதும் அந்த மனுசி வாயைப் பொத்தினா. அவவின்ரை பாஷை எனக்கு விளங்கேல்லை. அந்த அருவருப்பு விளங்கினது. நான் தனிய இல்லையெண்டு ஒரு ஆறுதல்.

அதுக்குப் பிறகுதான் என்ரை தைரோயிட் குளிசையை அவளின்ரை தேத்தண்ணியில கரைச்சனான். டொக்டர் எனக்குத் தந்த மருந்து, நஞ்சில்லை. போகப்போகக் கூட்டினன். மெலிஞ்சாள். கை நடுங்கினது. தண்ணி போற ஓட்டையில தலைமயிர் கொத்தாக் கிடக்கும். நான்தான் அள்ளி எறிஞ்சனான்.

"நெஞ்சு படபடக்குது அன்ரி. டொக்டரிட்டைப் போகட்டோ?"

"சோதினைப் பயம் பிள்ளை. இதைக் குடி."

நன்றி சொல்லித்தான் குடிச்சாள்.

செவ்வாய்க்கிழமை காலமை குளியலறையில விழுந்து கிடந்தாள். அம்புலன்சுக்கு ஏன் நாப்பது நிமிசம் பிந்தி அடிச்சனீங்கள் எண்டு பொலிஸ்காரர் நீங்கள் மூண்டுதரம் கேட்டுட்டியள். சொல்லுறன். இரவுச்சட்டை நெஞ்சுவரை ஏறிக் கிடந்தது. வயித்தில இன்னும் மடிப்பு இருந்தது. துடைச்சு, மெலிவாக் காட்டுற கறுத்த உடுப்பொண்டு போட்டு, தலைமயிரைச் சீப்பால இழுத்து விட்டன். மூச்சு அப்பவும் இருந்தது. என்ரை கையை இறுக்கிப் பிடிச்சவள். ஆனால் அந்தக் கோலத்தில அவளை நாலுபேர் பாக்க விட நான் என்ன ஈவிரக்கமில்லாதவளோ?