‘கறுத்தாச்சு’ என்று எழுதப்படாத இரண்டு நாள்கள்

பெருமதிப்பிற்குரிய பல் மருத்துவர் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, என் அம்மாவோடு வேலை செய்தவர்களே, அந்தக் கிளினிக் நாற்காலியில் சாய்ந்து பயத்தோடு வாயைத் திறந்து, சிரித்துக்கொண்டே எழுந்துபோன அத்தனை பேருமே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அம்மாவின் இந்த நினைவுக் கூட்டத்தில் நான் என்ன பேச வேண்டும் என்று சித்தி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் ஏழு வரிகள். ஏழிலும் நன்றி. அந்த நன்றிகள் எல்லாம் உண்மையானவை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மாலை பஸ் நிறுத்தத்தில் அம்மா மயங்கி விழுந்தபோது முதலில் ஓடி வந்தவர் டாக்டர் ஐயா. அன்று இரவு அம்மாவின் மூச்சு அடங்கும்வரை எங்களோடு நின்றவரும் அவர்தான். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆனால் நான் படிப்பது சித்தியின் தாள் இல்லை. இது வேறு தாள். இதை நான் யாருக்கும் காட்டவில்லை. என் குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இரண்டு வேலைகளுக்காக நிற்கிறேன். ஒன்று, என் அம்மா எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். இன்னொன்று, அம்மா போன பிறகு, இந்தப் புதனும் வியாழனும் கிளினிக்கில் பல் பார்த்துக்கொண்ட இருபத்து மூன்று பேருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவது வேலை உங்களுக்குப் புரியாது.

அம்மாவின் பதவி தலைமை உதவியாளர். ஆனால் அப்படி அழைத்தவர் யார்? எல்லோருக்கும் அவர் ‘கறுத்தாச்சு அக்கா’! புதிதாக வருபவர்கள் நிறத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சங்கடப்படுவார்கள். அம்மா சிரிப்பார். “அதுவும் சரிதாங்க, நான் பொறந்தப்பவே கறுத்தாச்சு” என்பார்.

உண்மையான காரணம் பின்னறையில் இருந்தது. அங்கே இரண்டு தொட்டிகள். தரையில் நடுவே ஒரு சிவப்பு நாடா. இடப்பக்கம் அழுக்கு, வலப்பக்கம் சுத்தம். நோயாளியின் வாயிலிருந்து வந்த கருவிகளை அம்மா தடித்த கையுறை போட்டுத் தேய்ப்பார், அலசுவார், துடைப்பார், காகிதப் பையில் போட்டு ஒட்டுவார். பிறகு ஆவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் இயந்திரத்துக்குள் அடுக்குவார். கூடவே ஒரு சிறிய பரிசோதனைப் பட்டையை வைப்பார். வேண்டிய சூடும் ஆவியும் வேண்டிய நேரம் இருந்தால் மட்டுமே அதிலுள்ள கோடு முழுசாகக் கறுக்கும். கதவைத் திறந்து, கண்ணாடியைப் போட்டு, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மா குரல் கொடுப்பார்: “கறுத்தாச்சு!” அதன் பிறகுதான் டாக்டர் அடுத்தவரை உள்ளே அழைப்பார். அம்மா பட்டையைப் பதிவேட்டில் ஒட்டி, பக்கத்தில் அதே வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போடுவார். பதினான்கு வருடங்கள்! ஒரு நாளாவது அந்த வார்த்தை இல்லாமல் கருவி வெளியே போனதா? போனதில்லை.

ஒருநாள் கோடு சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டது. நான் பள்ளி விட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கூடம் நிறைய ஆள்கள். டாக்டர் எட்டிப் பார்த்து, “கொஞ்சம் வெளுத்திருக்கு, அவ்வளவுதானேக்கா?” என்றார்.

“வெளுத்திருக்குன்னா கறுக்கலைன்னு அர்த்தம் டாக்டர்.”

அம்மாவே கூடத்துக்கு வந்து, இயந்திரம் சரியில்லை, இன்று யாருக்கும் பல் பிடுங்க முடியாது என்றார். கன்னம் பந்து மாதிரி வீங்கிய ஒருவர் எழுந்தார். “ஏம்மா, பல்லு என்னுது, வலி என்னுது. நானே சரிங்கறேன், உனக்கென்ன வந்துச்சு?”

“பல்லு உங்களுதுதான் அண்ணே. அந்தக் கொறடு கடைசியா யார் வாயில இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார். கூடமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் இன்னொரு கிளினிக்குக்குப் போன் செய்து, அவருக்கு இடம் கேட்டு, ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

டாக்டர் ஐயாவின் தாயார் சிகிச்சைக்கு வந்த நாளையும் சொல்ல வேண்டும். “அக்கா, அம்மாவுக்குக் கொஞ்சம் பார்த்து, நல்ல பாக்கெட்டா எடுங்க” என்றார் ஐயா. அம்மா பட்டென்று, “நான் எல்லா பாக்கெட்டையும் உங்க அம்மாவுக்குன்னு நெனச்சுதான் ஒட்டறேன் டாக்டர்” என்றார். ஐயா கோபப்பட்டாரா? இல்லை! அன்று மாலையே எல்லோரையும் கூப்பிட்டு, இந்தக் கிளினிக்கில் அக்கா சொல்வதுதான் கடைசி வார்த்தை என்றார். அப்படிச் சொல்ல எத்தனை முதலாளிகளுக்கு மனம் வரும்? அந்த ஐயாவை நம்பித்தான் இதைப் படிக்கிறேன்.

அம்மா தப்பே செய்யாதவரா? செய்தார். ஒருமுறை காகிதப் பை ஈரமாக இருந்ததைக் கவனிக்காமல் கருவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஈரப் பை வழியே கிருமி உள்ளே போய்விடும். குப்பைக் கூடையைக் கட்டும்போதுதான் அந்தப் பை கையில் பட்டது. யாரும் பார்க்கவில்லை. அம்மா அன்றே அந்த நோயாளிக்குப் போன் செய்தார். “தப்பு என்னுது. ஒரு பரிசோதனை பண்ணிடலாம். நான் கூட வரேன்” என்றார். அந்த அம்மாள் போனில் திட்டிய திட்டு சமையலறைவரை கேட்டது. அம்மா “ஆமாங்க, ஆமாங்க” என்றே நின்றார். வைத்த பிறகு என்னிடம், “நல்லா திட்டிட்டாங்க. இப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்” என்றார்.

இதுதான் என் அம்மா. இனி இரண்டாவது வேலை.

நேற்று வியாழக்கிழமை மாலை, அம்மா வேலையில் போடும் கண்ணாடியையும் செருப்பையும் எடுத்துவரச் சித்தியோடு கிளினிக்குக்குப் போனேன். சித்தி அங்கே வரவேற்பில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவின் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பதிவேட்டைத் திறந்தேன். திங்கட்கிழமை வரை ஒட்டிய பட்டைகள், கறுத்த கோடுகள், அந்த வார்த்தை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. புதனும் வியாழனும் பட்டை இல்லை. ‘கறுத்தாச்சு’ இல்லை. ‘சரி’ என்று எழுதியிருந்தது. கீழே அம்மாவின் கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை அம்மாவை அடக்கம் செய்தோம். நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள்.

பட்டைகள் எங்கே போயின? அவை தீர்ந்துவிட்டன. திங்கட்கிழமை வேலை முடிந்து கடைக்குப் போய் அம்மா புதுப் பெட்டி வாங்கினார். திரும்பும்போதுதான் விழுந்தார். மருத்துவமனையில் கொடுத்த அவருடைய கைப்பையில் அந்தப் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. இதோ, கொண்டுவந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் கேட்டேன். “மெதுவா பேசு. நான்தான் போட்டேன்” என்றார்.

“பட்டை வைக்கலையா சித்தி?”

“டப்பா காலி. மெஷின் சூடாச்சு, சத்தம் போட்டுச்சு, நின்னுச்சு. ஆளுங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. யார்கிட்ட போய் கேக்கறது? அக்கா இருந்தாலும் கையெழுத்து போட்டுத்தானே இருப்பா?”

“அம்மா போட்டிருக்க மாட்டாங்க.”

சித்தி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு, “டாக்டர் நம்மளைக் கைவிட மாட்டார்டி. நாளைக்கு ஏதாவது உளறி வெச்சுடாதே” என்றார். அவர் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

சித்தி, இதைக் கேட்டுக்கொண்டு இங்கேதான் உட்கார்ந்திருப்பீர்கள். வீட்டுக்குப் போனதும் என்னைத் திட்டுங்கள். அடித்தாலும் பரவாயில்லை. எனக்கு இனி நீங்கள்தான் இருக்கிறீர்கள். அது தெரிந்துதான் பயப்படுகிறேன்.

டாக்டர் ஐயா, சித்தியை வேலையிலிருந்து நிறுத்தினால் இது தீர்ந்துவிடும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அக்காவை அடக்கம் செய்த மறுநாளே வேலைக்கு வந்து, யாரும் கற்றுக்கொடுக்காத வேலையைச் செய்தவர் அவர். பின்னறை வேலை அம்மா ஒருவருக்குத்தான் தெரியும் என்றால் அது யார் குற்றம்? ஒருவர் விழுந்தவுடன் கூடவே விழுந்துவிடுவதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியுமா? அம்மாவைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே, எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றிவைத்தோம் இல்லையா?

ஆகவே நாம் உறுதி எடுப்போம். நாளை காலை இந்தப் பெட்டியைப் பிரித்து, பட்டை வைத்து இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும்வரை இன்று மூடியிருக்கும் கிளினிக் கதவைத் திறக்க வேண்டாம். பின்னறை வேலையை இரண்டு பேர் முறையாகப் படிக்க வேண்டும். ஒருவர் சித்தியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு கையெழுத்துகளையும் அடித்து, பக்கத்தில் நடந்ததை எழுத வேண்டும். இருபத்து மூன்று பேருக்கும் சொல்ல வேண்டும். சித்தியோடு நானும் போன் பக்கத்தில் உட்காருகிறேன். திட்டுபவர்கள் திட்டட்டும். “ஆமாங்க” என்று சொல்ல எனக்குத் தெரியும்.

அந்த இருபத்து மூன்று பேரில் ஒருவர் எங்கள் கணக்கு டீச்சர். புதன்கிழமை கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொண்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். வாயில் பஞ்சைக் கடித்திருந்ததால் பேச முடியவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இன்றும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

டீச்சர், உங்களுக்குப் போன் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நேரிலேயே சொல்கிறேன். உங்கள் பல்லை எடுத்த கருவி சுத்தமாக இருந்திருக்கலாம். இருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன். எங்களை மன்னித்துவிடுங்கள்.

இன்னும் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். டாக்டர் ஐயா, அவர்களுடைய நம்பர்கள் உங்களிடம் இருக்கின்றன.