அம்மன் கண்ணும் ஆயில் பல்பும்

“…அதத்தான் பாய் நானும் சொல்றேன், இவரு ஒழுங்கா ஆயில் பாத்திருந்தா இந்தப் பாடு வருமா? டீக்கடைக்குப் போவத் தெரியுது, ஆயில் குச்சிய உருவிப் பாக்கத் தெரியல!”

மெக்கானிக் ஷேக் பரீத் பழைய டிராக்டரின் என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார். வரப்பில் நின்ற அம்சத்துக்கு அதெல்லாம் ஒரு தடையா என்ன? அவள் கணவர் வைரக்கண்ணுதான் பேச்சுக்குப் பயந்து மதகுப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

“நாத்து பறிச்சுப் போட்டாச்சு பாய். நாளைக்குக் காலையில கீழ்வேளூர்லேருந்து நடவு ஆளுங்க வந்து நின்னா, சேறடிக்காத வயல்லயா எறக்குறது? ஆயிலுக்கான செவப்பு பல்பு எரியிறப்ப ஓட்டுனா என்ஜின் பிடிச்சுக்கும்னு இவரு வண்டியத் தொட மாட்டேங்குறாரு. ஆயில் மாத்தியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு… என்னாது? மீட்டர் மாட்டிப் பாத்தா பிரஷர் நல்லாருக்கா? அப்ப பல்பு ஏன் பாய் எரியுது? அதுக்கு எம்மேல என்ன கோவம்?

வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்ணுமில்ல. அன்னிக்குத்தான் வண்டியக் கழுவி, பொட்டு வச்சு, சூடம் காட்டுனேன். மவ சிங்கப்பூர்லேருந்து வீடியோவுல கும்புட்டுக்கிட்டா. இவரு வண்டிய ஸ்டார்ட் பண்ணாரு பாருங்க, செவப்பா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு! அம்மன் கண்ணத் தொறந்துட்டான்னு நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன். இவரு தலையில கைய வச்சுக்கிட்டாரு…

சாமிக்கு நான் என்ன கொற வச்சேன்? அன்னிக்கு சூடம் காட்டுறதுக்கு முந்தியே கோயில்ல மந்திரிச்ச செப்புத் தகடு வாங்கியாந்து வச்சேனே! முன்னாடி கட்டுனா எவனாவது கழட்டிருவான்னு, உள்ள, கண்ணு படாத எடமா பாத்து… ஒரு ஒயரு வந்து மாட்டியிருக்குல்ல, அதுக்கும் என்ஜினுக்கும் நடுவுல நல்லா செருவி வச்சேன். பல்பு அணையலயேன்னு நேத்துகூட வேண்டிக்கிட்டு இன்னுங் கொஞ்சம் அழுத்தி… என்ன பாய், சிரிக்கிறீங்க?”

ஷேக் பரீத் தலையை வெளியே எடுத்தார். கையில் குங்குமம் அப்பிய செப்புத் தகடு. அதை அவளிடம் நீட்டிவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் உறுமியது. பல்பு அணைந்தது.

“அட ஆத்தா… ஆயில் அழுத்தம் கொறஞ்சாத்தான் அந்த ஒயருக்கும் என்ஜினுக்கும் தொடுப்பு வரணுமா? என் தகடு எந்நேரமும் தொட வச்சு, பல்ப எரிய விட்டுருச்சா? பாய்… பாய்! இவருகிட்ட மட்டும்…”

சத்தம் கேட்டு வைரக்கண்ணு ஓடி வந்துகொண்டிருந்தார். அம்சம் தகட்டைக் கண்ணில் ஒற்றி, அவசரமாக முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“ஏங்க… மத்தியானத்துக்கு ஒங்களுக்குப் பிடிச்ச விரால் மீன் கொழம்பு வைக்கட்டுமா? …ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கேட்டேன். நீங்க வண்டிய வயல்ல எறக்குங்க!”