நடுவில் நிற்காத கத்தி

குணாளன்: எச்சி முழுங்கிப் பாரு.

நளினி: முழுங்கிட்டேன்.

குணாளன்: இன்னொரு தடவ... வலிக்குதா?

நளினி: எரியுது. வலி இல்ல. நீங்க மொதல்ல உக்காருங்க.

குணாளன்: அப்பறம் உக்காருறேன். தலைய நிமித்து... கழுத்துல செவப்பா கோடு போட்ட மாதிரி இருக்கு.

நளினி: கோடு நேரா இருக்கா, கோணலா இருக்கா?

குணாளன்: நளினி!

நளினி: கொஞ்சம் சிரிங்களேன். உயிரோடதானே இருக்கேன்.

குணாளன்: எத்தன தடவ சொல்லியிருக்கேன்... மோட்டார் சைக்கிள்ல ஏறுனா முந்தானைய இடுப்புல சொருகிக்கன்னு?

நளினி: குளுருச்சு. கழுத்தச் சுத்திக்கிட்டேன். மிச்சம் தொங்குனது தெரியல. சக்கரத்துக்குள்ள போனதும் யாரோ பின்னால இருந்து புடிச்சு இழுக்குற மாதிரி... உங்களக் கூப்புடுறேன், சத்தமே வரல.

குணாளன்: நீ என் முதுகுல அடிச்ச. கோவத்துல அடிக்கிறேன்னு நெனச்சேன்.

நளினி: கோவமா? எனக்கு என்ன கோவம்?

குணாளன்: ...இல்ல. சும்மா சொன்னேன்.

நளினி: நல்லவேள, வளைவுல மெதுவா வந்தீங்க.

குணாளன்: சக்கரத்தப் பின்னால உருட்டிப் பாத்தேன். துணி செயின்ல சுத்திக்கிச்சு, அசையவே இல்ல. மோட்டார விட்டா அது பள்ளத்துல சாயும், உன்னையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். இடது கைய எடுக்க முடியல. வலது கைய சிலுவார் பாக்கெட்டுல விட்டேன்...

நளினி: மடக்குக் கத்தி.

குணாளன்: ம். பல்லுல கடிச்சு இழுத்தேன். படக்குனு தொறந்துச்சு, முந்தானைய வெட்டிட்டேன்.

நளினி: எங்க அண்ணன் தீவாளிக்கு எடுத்துக் குடுத்த பொடவ.

குணாளன்: வேற எடுத்துக்கலாம் லா. பொடவையா இப்ப முக்கியம்?

நளினி: மெதுவா பேசுங்க. மேல தேயிலக் கொழுந்து எடுக்குறவங்க எல்லாம் நம்மளையே பாக்குறாங்க... என்னங்க? என்னத்த அப்படி உத்துப் பாக்குறீங்க?

குணாளன்: ஒண்ணுமில்ல.

நளினி: கத்திய மடக்கி வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறீங்க. ஒண்ணுமில்லையா?

குணாளன்: இடது பக்கம் சாஞ்சு நிக்குது.

நளினி: கடவுளே!

குணாளன்: இல்ல நளினி, நேத்து சாயங்காலம் பாத்தேன். மடக்குனா பிடியில இருக்குற ரெண்டு தகட்டுக்கும் நட்ட நடுவுல அலகு நின்னுச்சு. மயிரிழ கூட பிசகல. இப்ப பாரு, தகட்டுல ஒரசுது.

நளினி: ஒரசட்டும். வெட்டுச்சா இல்லையா?

குணாளன்: வெட்டுச்சு. ஆனா ஒரசி ஒரசி மொன்னையாயிடும். ஃபேக்டரியில ரோலர் ஷாஃப்ட்டு ஒரு நூலு தள்ளி நின்னாலே...

நளினி: பேரிங்கு போயிரும். தெரியும். ஆனா இது ரோலர் இல்லங்க. கொய்யாப்பழம் வெட்டுற கத்தி.

குணாளன்: கத்தியில இருந்த பழைய ஆணியத் தட்டி எடுத்துட்டு நானே ஸ்க்ரூ கடஞ்சு போட்டேன்...

நளினி: ஒரு மாசமா வீட்டுல வேற பேச்சே இல்லியே. ஸ்க்ரூவ முறுக்கு முறுக்குன்னு முறுக்கி நடுவுல நிப்பாட்டிட்டீங்க. நிப்பாட்டி என்ன? தொறக்க முடிஞ்சுச்சா? கரண்டிக் காம்ப வச்சு நெம்பித்தானே தொறப்பீங்க?

குணாளன்: கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துச்சு.

நளினி: கொஞ்சமா? என் நகமே பேந்துருச்சு.

குணாளன்: உன் நகமா? நீ எப்ப அதத் தொட்ட?

நளினி: ...காலையில.

குணாளன்: நளினி...

நளினி: நீங்க குளிக்கப் போனப்ப. உங்க ஸ்க்ரூடிரைவர எடுத்து அரைச் சுத்து... இல்ல, ஒரு சுத்தே இருக்கும், லூஸ் பண்ணிட்டேன். மறுபடி எவ்வளவு முறுக்கணும்னு தெரியல. அப்படியே உங்க சிலுவார் பாக்கெட்டுக்குள்ள போட்டுட்டேன். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல. இப்ப திட்டிக்குங்க.

குணாளன்: ஒரு சுத்து...

நளினி: என்னங்க? ஏன் மூஞ்சிய மூடிக்கிறீங்க?

குணாளன்: நேத்து இருந்த இறுக்கத்துல இருந்திருந்தா... என் பல்லு போயிருந்தாலும் அது தொறந்திருக்காது. இந்த ரோட்டுல கரண்டிக்கு நான் எங்க போவேன்? நீ மட்டும் லூஸ் பண்ணலன்னா...

நளினி: பண்ணிட்டேன்ல? விடுங்க. தொறந்துச்சு, வெட்டுச்சு, மூச்சு வந்துருச்சு. அழாதீங்க... யாராச்சும் பாத்தா நான்தான் உங்கள அடிச்சுட்டேன்னு நெனப்பாங்க.

குணாளன்: நடுவுல நின்னாப் போதும்னு இருந்துட்டேன். தொறக்குதா இல்லையான்னு நெனச்சே பாக்கல.

நளினி: கத்தியத்தானே சொல்றீங்க?

குணாளன்: ...கத்தியத்தான். ஆமா, காலங்காத்தால உனக்கு எதுக்குக் கத்தி?

நளினி: கயிறு வெட்ட. பெட்டி மூடல. கயிறு போட்டுக் கட்டுனேன்.

குணாளன்: நாலு நாளைக்குப் போறவளுக்கு, பெட்டி மூடாத அளவுக்கு...

நளினி: லோரி வருது. ஓரமா வாங்க!

வீரப்பன்: யாரு, ஃபிட்டரா? என்ன லா இது, புருசனும் பொண்டாட்டியும் ரோட்டோரத்துல உக்காந்திருக்கீங்க?

குணாளன்: வாங்க வீரப்பண்ணே. இவ பொடவ சக்கரத்துல சிக்கிருச்சு. வெட்டி எடுத்துட்டேன்.

வீரப்பன்: ஐயோ... கழுத்துலயா தங்கச்சி? ஆஸ்பத்திரிக்குப் போவணுமா?

நளினி: வேணாண்ணே. மூச்சு நல்லா வருது. எரிச்சல்தான்.

வீரப்பன்: மாரியாத்தா காப்பாத்துனா. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு இப்படித்தான்... வேணாம், அத இப்ப சொல்லக்கூடாது. இதான் அந்தக் கத்தியா? காட்டுங்க. நல்ல கத்திதான்... ஆனா மடக்குனா கோணலா நிக்குதே ஃபிட்டரே? உங்க கையில இருக்குற சாமானா இது?

குணாளன்: அது அப்படியே இருக்கட்டும்ணே.

வீரப்பன்: நீங்களா சொல்றீங்க! சரி, இவ்வளவு பெரிய பெட்டியோட எங்க பயணம்?

நளினி: தாப்பாவுக்குண்ணே. அம்மாவுக்கு முட்டி வலி. நாலு நாளு கூட இருந்துட்டு வரலாம்னு. தானா ராத்தாவுல பஸ்ஸு புடிக்கணும்.

வீரப்பன்: தானா ராத்தா அந்தப் பக்கமுல்ல? இந்தப் பக்கம் எதுக்கு வந்தீங்க?

குணாளன்: கியா பார்ம் சந்தையில அத்தைக்கு முட்டகோசு வாங்கலாம்னு...

வீரப்பன்: முட்டி வலிக்கு முட்டகோசா?

நளினி: நானும் வேணாம்னுதாண்ணே சொன்னேன். கேட்டாத்தானே? ஒவ்வொரு கோசா உருட்டி உருட்டிப் பாத்தாரு. இப்ப எல்லாம் கால்வாயில உருண்டு கெடக்குது.

வீரப்பன்: பஸ்ஸு இந்நேரம் போயிருக்குமே! கவலப்படாதீங்க. திரிங்காப்புல சரக்கு ஏத்திட்டு நான் தாப்பா வழியாத்தான் கோலாலம்பூரு போறேன். முன்னால எடம் இருக்கு. ஏறுங்க தங்கச்சி, அம்மா வீட்டு வாசல்லயே எறக்கி விடுறேன்.

குணாளன்: இப்பவேவா?

வீரப்பன்: என்ன ஃபிட்டரே? பெட்டியத் தூக்கி வைக்கட்டுமா?

குணாளன்: அவளக் கேளுங்கண்ணே. போறவ அவதான்.

வீரப்பன்: தங்கச்சி?

நளினி: ...பொடவையில பாதி இல்லண்ணே. இந்தக் கோலத்துல போயி நின்னா அம்மா பயந்துரும்.

வீரப்பன்: ஸ்வெட்டர் போட்டிருக்கீங்கல்ல, யாருக்குத் தெரியப் போவுது? பெட்டியில மாத்துப் பொடவ இருக்குமே.

நளினி: இருக்கு... நெறயவே இருக்கு. ஆனா இன்னைக்கு வேணாம்ணே. நீங்க போங்க.

வீரப்பன்: சரி, உங்க இஷ்டம். கீரை வாடுறதுக்குள்ள நான் மல எறங்கணும். ஃபிட்டரே, மெதுவா ஓட்டுங்க லா. வீட்டுக்குப் போனதும் தங்கச்சிக்கு வெந்நி வச்சுக் குடுங்க.

குணாளன்: சரிண்ணே. போயிட்டு வாங்க.

நளினி: ...லோரி வளைவு தாண்டிருச்சு.

குணாளன்: ம்.

நளினி: உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

குணாளன்: இன்னைக்கு எதுக்குமே திட்ட மாட்டேன்.

நளினி: அந்தப் பெட்டியில என் பொடவ எல்லாம் இருக்கு. எல்லாம்னா... எல்லாமே. அலமாரியில என்னோடது ஒண்ணும் இல்ல.

குணாளன்: தெரியும்.

நளினி: தெரியுமா?

குணாளன்: பெட்டிய முன்னால வச்சு ஓட்டிட்டு வந்தவன் நான். கனம் தெரியாதா?

நளினி: நாலு நாளு இல்லங்க. திரும்பி வர்றதா இல்ல. தட்டு நேரா இல்ல, வகிடு நேரா இல்ல, வாளி வரிசையா இல்ல, காலண்டரு சாஞ்சிருக்கு... கல்யாணம் ஆனதுல இருந்து இதேதான். நீங்க குடிச்சதில்ல, கை ஓங்குனதில்ல. யாருகிட்டப் போயி என்னான்னு சொல்றது? என் புருசன் காலண்டர நிமித்துறாருன்னா? சிரிப்பாங்க. ஆனா எனக்கு வீட்டுக்குள்ள நிக்கவே முடியல... அம்மாவுக்கு முட்டி வலியும் இல்ல. நான் வர்றதே அதுக்குத் தெரியாது.

குணாளன்: அதுவும் தெரியும். உங்க அண்ணன் ஃபேக்டரி ஆபீசுக்குப் போன் பண்ணான். அத்த தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கப் போறாங்களாம். முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டேன். யாருக்குன்னு கேக்குறான்.

நளினி: எப்ப?

குணாளன்: புதன்கெழம.

நளினி: புதன்கெழமையா! அப்பறமும் வாயத் தொறக்கலியா நீங்க?

குணாளன்: போகாதன்னு சொல்லத்தான் வந்தேன். சொன்னா... போறதுலயும் குத்தம் சொல்றான்னு நெனப்பியோன்னு...

நளினி: அதனால பேசாம என்னப் பஸ்ஸு ஏத்தி விடக் கெளம்பிட்டீங்க. ஒரு வார்த்த கேக்கல. அவ்வளவுதான் நானு.

குணாளன்: யாரு ஏத்தி விடக் கெளம்புனா? பஸ்ஸு நிக்கிறது கீழ, நளினி... அது போற வரைக்கும்தான் நான் மேல கோசு பொறுக்கிட்டு இருந்தேன்.